எல்சாட் தேர்வில் வாதத்தின் ஓட்டையைப் பிடிப்பது எப்படி

"மாவட்ட நூலகங்கள் எல்லாம் சென்ற ஆண்டு வேலை நேரத்தை இரவு 9 மணி வரை நீட்டின. அடுத்த ஆறு மாதத்தில் உறுப்பினர் எண்ணிக்கை நன்றாகக் கூடியது. ஆகவே, நேரத்தை நீட்டியதுதான் புதிய உறுப்பினர்களை இழுத்து வந்தது."

அமெரிக்க, கனடா சட்டக் கல்லூரிகளில் சேருவதற்கான எல்சாட் தேர்வின் லாஜிக்கல் ரீசனிங் பகுதியில் வருவது இந்த மாதிரி வாதங்கள்தான். மூன்று, நான்கு வரி இருக்கும். படித்ததும் சரியாகத்தானே சொல்கிறார் என்று தலையாட்டத் தோன்றும். கீழே, இந்த வாதம் எங்கே பிசகுகிறது என்று ஒரு கேள்வியும் ஐந்து விடைகளும் இருக்கும். ஐந்துமே கொஞ்சம் பொருந்துவது போலத் தெரியும். இதைத்தான் ஃப்ளா கேள்வி என்கிறார்கள். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில் தேர்வின் அமைப்பு. 2024 ஆகஸ்ட் முதல் எல்சாட்டில் லாஜிக் கேம்ஸ் என்ற தர்க்கப் புதிர்ப் பகுதி கிடையாது. இப்போது மொத்தம் நான்கு பகுதி, ஒவ்வொன்றும் 35 நிமிடம். மதிப்பெண்ணுக்குரிய லாஜிக்கல் ரீசனிங் இரண்டு, ரீடிங் காம்ப்ரிஹென்ஷன் ஒன்று, மதிப்பெண்ணில் சேராத சோதனைப் பகுதி ஒன்று. எது சோதனைப் பகுதி என்பது எழுதும்போது தெரியாது. ஒரு லாஜிக்கல் ரீசனிங் பகுதியில் 24 முதல் 26 கேள்விகள் வரும், அதாவது கேள்விக்கு ஒன்றரை நிமிடம்கூட முழுசாக இல்லை. நேரடியான ஃப்ளா கேள்விகள் ஒரு பகுதிக்கு மூன்று, நான்கு என்ற அளவில் வரும். ஆனால் வாதத்தைப் பலவீனப்படுத்து, பலப்படுத்து, சொல்லாமல் விட்ட அனுமானம் எது என்று கேட்கிற மற்ற வகைகளும் இதே ஓட்டையைச் சுற்றித்தான் ஓடுகின்றன. ஓட்டை கண்ணில் பட்டுவிட்டால், பலவீனப்படுத்தும் கேள்வியில் அதைப் பெரிதாக்கும் விடையைத் தேடுவீர்கள், பலப்படுத்தும் கேள்வியில் அதை அடைக்கும் விடையைத் தேடுவீர்கள். அதனால் எந்த வகையிலிருந்து தயாரிப்பைத் தொடங்குவது என்று கேட்டால், தயங்காமல் இதிலிருந்துதான் என்போம்.

கேள்வியை முதலில், வாதத்தைப் பிறகு

திரையில் வாதம் ஒரு பக்கமும் கேள்வி இன்னொரு பக்கமும் இருக்கும். முதலில் கேள்வியைப் படியுங்கள். 'தி ரீசனிங் இஸ் ஃப்ளாட்', 'மோஸ்ட் வல்னரபிள் டு கிரிட்டிசிசம்', 'க்வெஸ்சனபிள் ரீசனிங்' என்று எதுவாக வந்தாலும் செய்தி ஒன்றே: வாதம் தவறு என்று கேள்வித்தாளே ஒப்புக்கொண்டுவிட்டது. இனி, வாதம் சரியா தவறா என்று யோசித்து ஒரு நொடியும் செலவிட வேண்டாம். எங்கே தவறு என்பதுதான் வேலை.

அடுத்து முடிவைக் கண்டுபிடியுங்கள். எழுதியவர் கடைசியில் நம்மை எதை நம்ப வைக்கப் பார்க்கிறார்? 'தேர்ஃபோர்', 'தஸ்', 'ஹென்ஸ்', 'க்ளியர்லி' போன்ற சொற்கள் முடிவுக்கு முன்னால் நிற்கும். 'சின்ஸ்', 'பிகாஸ்', 'ஆஃப்டர் ஆல்' வந்தால் அதையடுத்து வருவது ஆதாரம். இவற்றில் 'ஃபார்' என்கிற சின்னச் சொல்லை நம்மவர்கள் அடிக்கடி தவறவிடுகிறார்கள். காற்புள்ளிக்குப் பிறகு 'ஃபார்' என்று வாக்கியம் தொடர்ந்தால் 'ஏனென்றால்' என்று பொருள், ஆகவே அதற்கு முன்னால் இருப்பதே பெரும்பாலும் முடிவு. இன்னொரு வழக்கமான அமைப்பு: 'சிலர் இப்படிச் சொல்கிறார்கள். ஆனால்...' என்று தொடங்கும் வாதம். அங்கே 'ஆனால்' என்பதை ஒட்டி வருகிற மறுப்புதான் முடிவு, சிலர் சொன்னது வெறும் முன்னுரை. முடிவு எப்போதும் கடைசி வரியில் இருக்காது. நடுவில் ஒளிந்திருக்கும் முடிவுகள்தான் ஆளைக் கவிழ்க்கும்.

முடிவை அதன் அளவோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 'சில', 'பெரும்பாலான', 'எல்லா', 'இருக்கலாம்', 'இருந்தே தீரும்' ஆகிய சொற்களை விழுங்கிவிட்டுப் படித்தால், பாதி ஓட்டைகள் கண்ணிலேயே படாது. 'இந்த மருந்து உதவக்கூடும்' என்கிற ஆதாரத்திலிருந்து 'இந்த மருந்து உதவும்' என்று தாவியிருந்தால், அந்த ஒரு சொல்தான் ஓட்டை.

ஆதாரத்தோடு சண்டை வேண்டாம்

நூலக வாதத்தைப் படித்ததும் பலருக்கு எழும் முதல் எதிர்ப்பு, 'உறுப்பினர் எண்ணிக்கை நிஜமாகவே கூடியதா? யார் எண்ணினார்கள்?' என்பது. பேச்சு வழக்கில் அது நியாயமான கேள்வி. எல்சாட்டில் அது வீண். ஆதாரமாகச் சொன்னதை அப்படியே உண்மையென்று ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆதாரம் முழுக்க உண்மை, ஆனாலும் முடிவு பொய்யாக இருக்க முடியும் என்று காட்டுவதுதான் ஓட்டையைக் காட்டுவது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 'கருத்துக்கணிப்பில் 70 விழுக்காட்டினர் தாங்கள் தினமும் உடற்பயிற்சி செய்வதாகச் சொன்னார்கள்' என்பது ஆதாரமானால், அவர்கள் அப்படிச் சொன்னார்கள் என்பதைத்தான் நாம் ஏற்க வேண்டும். அவர்கள் உண்மையிலேயே உடற்பயிற்சி செய்கிறார்கள் என்று ஏற்க வேண்டியதில்லை. 'எனவே மக்களில் பெரும்பாலோர் தினமும் உடற்பயிற்சி செய்கிறார்கள்' என்று முடித்தால், சொன்னதற்கும் செய்வதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் ஓட்டை.

இனி எல்லாவற்றிலும் முக்கியமான படி. விடைகளைப் பார்க்கும் முன், கீழே உள்ள வாக்கியத்தை உங்கள் மனத்துக்குள் முடித்துவிடுங்கள்:

"சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனாலும், ஒருவேளை ______."

நூலக வாதத்தில் அந்தக் கோடிட்ட இடத்தில் என்னவெல்லாம் வரலாம்? ஒருவேளை அதே சமயத்தில் தாமதக் கட்டணத்தை ரத்து செய்திருக்கலாம். ஒருவேளை உறுப்பினர் எண்ணிக்கை ஏற்கெனவே ஏறுமுகமாக இருந்து, கூட்டத்தைச் சமாளிக்கத்தான் நேரத்தையே நீட்டியிருக்கலாம். ஒருவேளை பக்கத்தில் புதிய குடியிருப்புகள் வந்திருக்கலாம். ஒன்றைச் சொன்னாலே போதும். 'இரண்டு அடுத்தடுத்து நடந்தன, அதனால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்கிறார்' என்று ஓட்டை தெளிவாகிவிடும். தேர்வு ஆங்கிலத்தில் இருந்தாலும் இந்த வாக்கியத்தைத் தமிழிலேயே சொல்லிக்கொள்ளலாம். எந்த மொழியில் வேகமாக வருகிறதோ அதில் சொல்லுங்கள். 'கோரிலேஷன் (இரண்டும் சேர்ந்து வருவது), காசேஷன் (ஒன்று மற்றதற்குக் காரணமாவது)' என்று பெயர் மட்டும் தெரிந்து, இந்த வாதத்தில் எது எதற்குக் காரணம் என்கிறார் என்று சொல்லத் தெரியாவிட்டால் அந்தப் பெயரால் பயனில்லை.

இப்போது விடைகளைப் பார்ப்போம்.

ஏ) உறுப்பினர் எண்ணிக்கை கூடுவது நூலகங்களுக்கு நல்லது என்று, நியாயம் காட்டாமல் எடுத்துக்கொள்கிறது.

பி) நேர நீட்டிப்புக்கு ஆன செலவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

சி) ஒன்று மற்றொன்றுக்குப் பின் நிகழ்ந்தது என்பதை மட்டும் வைத்து, முன்னது பின்னதற்குக் காரணம் என்று கொள்கிறது.

டி) ஒரு குழுவின் சில உறுப்பினர்களிடம் கண்டதை, அந்தக் குழு முழுவதற்கும் பொருத்துகிறது.

இ) ஒரு விளைவுக்கு அவசியமான ஒரு நிபந்தனையை, அந்த விளைவுக்கு அது மட்டுமே போதும் என்று கருதுகிறது.

ஒவ்வொரு விடையிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள், இதே வரிசையில். ஒன்று: வாதம் நிஜமாகவே இதைச் செய்கிறதா? இரண்டு: செய்கிறது என்றால், அதனால் முடிவு ஆட்டம் காண்கிறதா?

ஏ முதல் கேள்வியிலேயே விழுகிறது. நல்லது, கெட்டது பற்றி வாதம் வாயே திறக்கவில்லை. பி முதல் கேள்வியைத் தாண்டிவிடும். செலவைப் பற்றி வாதம் பேசவில்லைதான். ஆனால் செலவு எவ்வளவாக இருந்தாலும், உறுப்பினர்களை எது இழுத்தது என்ற முடிவு அசையாது. வாதம் பேசாத விஷயங்கள் ஆயிரம் உண்டு, அவை அத்தனையும் ஓட்டை ஆகிவிடாது. இந்த பி வகை விடைக்குப் பலியாகிறவர்கள் ஏராளம். டி, இ இரண்டும் புகழ்பெற்ற ஓட்டைகளின் துல்லியமான விவரிப்புகள், ஆனால் வேறு வாதங்களுக்கு உரியவை. வாதத்தில் எல்லா நூலகங்களும் சேர்ந்திருப்பதால் டி பொருந்தாது. நிபந்தனை எதுவும் சொல்லப்படாததால் இ பொருந்தாது. விடை சி.

ஓட்டைகளின் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு வருபவர்கள் இ போன்ற விடையிடம்தான் மாட்டுகிறார்கள். படித்த சொற்றொடர் கண்ணில் பட்டதும் கை தானாக அழுத்திவிடுகிறது. கோடிட்ட இடத்தை நிரப்பிவிட்டு விடைக்கு வருபவருக்கு அந்தத் தடுமாற்றம் வராது.

'இருந்தால்தான்', 'இருந்தாலே போதும்'

ஃப்ளா கேள்விகளில் அதிகம் பேரைக் கவிழ்ப்பது நிபந்தனைக் குழப்பம். இதில் தமிழ் பேசுபவர்களுக்கு ஒரு கருவி கையிலேயே இருக்கிறது.

'மழை பெய்தால்தான் விளையும்' என்பதும் 'மழை பெய்தாலே விளையும்' என்பதும் ஒன்றல்ல என்று எந்த விவசாயிக்கும் தெரியும். முதலாவதில் மழை அவசியம். ஆனால் மழை மட்டும் போதாது. விதை வேண்டும், உரம் வேண்டும். இரண்டாவதில் மழையே போதும். 'தான்' வந்தால் அவசியம், 'ஏ' வந்தால் போதும். எல்சாட்டின் நிபந்தனை வாக்கியம் எதுவானாலும் இந்த இரண்டில் ஒன்றாக மாற்றிவிடலாம்.

வெறும் 'இஃப்' வந்தால், அதை ஒட்டி வருவது 'இருந்தாலே போதும்'. 'ஒன்லி இஃப்' வந்தால், அதை ஒட்டி வருவது 'இருந்தால்தான்'. 'ரிக்வயர்ஸ்', 'மஸ்ட்', 'டிபெண்ட்ஸ் ஆன்' ஆகியவையும் 'இருந்தால்தான்' பக்கம். 'அன்லெஸ்' வந்தால் 'இல்லாவிட்டால் நடக்காது' என்று சொல்லிப் பாருங்கள், அதுவும் 'இருந்தால்தான்' என்றே முடியும். 'ஒன்லி மெம்பர்ஸ் கெட் இன்', 'தி ஒன்லி பீப்பிள் ஹூ கெட் இன் ஆர் மெம்பர்ஸ்' என்ற இரண்டில் 'ஒன்லி' வெவ்வேறு இடத்தில் நிற்கிறது. ஆனால் இரண்டுக்கும் பொருள், உறுப்பினராக இருந்தால்தான் உள்ளே போக முடியும் என்பதே. 'தி ஒன்லி' என்று வரும்போது சொல்லின் இடத்தைப் பார்க்காமல், முழு வாக்கியத்தையும் ஒருமுறை தமிழில் சொல்லிப் பாருங்கள்.

இப்போது ஒரு வாதம்: "30 நாட்களுக்குள் மனு செய்தால்தான் மேல்முறையீடு விசாரணைக்கு ஏற்கப்படும். லாரா 20-ஆம் நாளே மனு செய்துவிட்டார். ஆகவே அவருடைய மேல்முறையீடு ஏற்கப்படும்."

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள். ஒருவேளை மனுவில் கையெழுத்து இல்லாமல் இருக்கலாம், ஒருவேளை கட்டணம் கட்டாமல் இருக்கலாம். 'தான்' என்று தொடங்கிய வாதம் 'ஏ' என்று முடிகிறது. அவசியமானதை, போதுமானதாக எடுத்துக்கொண்டுவிட்டது.

இன்னொரு வாதம்: "இந்த மாத்திரையைக் கொடுத்தாலே காய்ச்சல் இறங்கிவிடும். குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கியிருக்கிறது. ஆகவே மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்." மாத்திரை இல்லாமலும் காய்ச்சல் தானாக இறங்கலாம். 'ஏ' என்று தொடங்கியது 'தான்' என்று முடிகிறது. மாத்திரை கொடுத்தால்தான் இறங்கும் என்பது போல எடுத்துக்கொண்டார்கள். 'மாத்திரை கொடுக்கவில்லை, ஆகவே இறங்கியிருக்காது' என்று திருப்பிச் சொன்னாலும் இதே பிழைதான்.

விடைகளில் இந்த இரண்டு வடிவமும் பக்கத்துப் பக்கத்தில் வருவது உண்டு: 'அவசியமானதைப் போதுமானதாகக் கொள்கிறது' என்று ஒன்று, 'போதுமானதை அவசியமானதாகக் கொள்கிறது' என்று மற்றொன்று. ஆங்கிலத்தில் 'நெசஸரி', 'சஃபிஷியன்ட்' என்ற இரண்டு சொற்கள் மட்டும் இடம் மாறியிருக்கும். அவசரத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். முதலில், ஆதாரத்தில் உள்ள நிபந்தனை 'தான்' வகையா 'ஏ' வகையா என்று பாருங்கள். பிறகு அந்த நிபந்தனை எதற்கு என்று பாருங்கள். லாராவின் வாதத்தில் நிபந்தனை மனு செய்தது, ஆதாரம் அதை 'தான்' என்கிறது. எனவே 'அவசியமானதை' என்று தொடங்கும் விடைதான் பொருந்தும். பத்து நொடி கூடுதலாகச் செலவிடுவதற்குத் தகுதியான இடம் இது.

எண்ணிக்கையும் விழுக்காடும்

"சென்ற ஆண்டு இந்த நகரத்தில் சைக்கிள் விபத்தில் சிக்கியவர்களில் 60 விழுக்காட்டினர் ஹெல்மெட் அணிந்திருந்தார்கள். ஆகவே ஹெல்மெட் அணிபவர்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பே அதிகம்."

எண்ணைப் போட்டுப் பார்த்தால்தான் இது உடையும். நகரத்தில் 1,000 பேர் சைக்கிள் ஓட்டுகிறார்கள், 900 பேர் ஹெல்மெட் அணிபவர்கள், 100 பேர் அணியாதவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விபத்தில் சிக்கியவர்கள் 50 பேர். அதில் 60 விழுக்காடு என்றால் 30 பேர் ஹெல்மெட் அணிந்தவர்கள், 20 பேர் அணியாதவர்கள். அணிந்தவர்களில் 900-க்கு 30, அதாவது 30 பேருக்கு ஒருவர். அணியாதவர்களில் 100-க்கு 20, அதாவது 5 பேருக்கு ஒருவர். ஆதாரம் அப்படியே நிற்கிறது, முடிவு தலைகீழாகிவிட்டது. மொத்தத்தில் எத்தனை பேர் ஹெல்மெட் அணிகிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டதுதான் ஓட்டை.

விழுக்காட்டிலிருந்து எண்ணிக்கைக்கோ, எண்ணிக்கையிலிருந்து விழுக்காட்டுக்கோ வாதம் தாண்டினால் உடனே மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். 'சந்தைப் பங்கு குறைந்தது, ஆகவே விற்பனை குறைந்தது' என்பதும் இதே குடும்பம். சந்தையே பெரிதாகியிருந்தால் பங்கு குறைந்தும் விற்பனை கூடியிருக்கலாம்.

மற்றவை, சுருக்கமாக

மாதிரி சரியில்லாத கருத்துக்கணிப்பு எளிதாகவே பிடிபடும். உடற்பயிற்சிக் கூடத்தின் வாசலில் நின்று கேட்டுவிட்டு, ஊர்மக்கள் எல்லோரும் இப்படி என்றால் அதுதான் ஓட்டை. யாரிடம் கேட்டார்கள், யாரைப் பற்றி முடிவு சொல்கிறார்கள் என்று இரண்டையும் ஒட்டி வைத்துப் பாருங்கள்.

ஆளைத் தாக்குவது: 'இந்தச் சாலைத் திட்டத்தை எதிர்ப்பவர் அந்தச் சாலையோரத்தில் கடை வைத்திருப்பவர், ஆகவே அவர் வாதம் தவறு.' அவருக்கு ஆதாயம் இருக்கலாம், வாதம் சரியாகவும் இருக்கலாம். சொல்பவர் தன் பேச்சின்படி நடப்பதில்லை என்பதும் இதே வகை.

நிரூபிக்காததைப் பொய் என்பது எல்சாட்டுக்கு மிகவும் பிடித்தது. 'அவர்கள் காட்டிய ஆதாரம் பலவீனமானது, ஆகவே அவர்கள் முடிவு தவறு' என்று முடியும் வாதங்களைக் கவனியுங்கள். ஆதாரம் பலவீனம் என்றால் முடிவு நிரூபிக்கப்படவில்லை என்று மட்டுமே சொல்லலாம். பலர் இதில் ஓட்டையே இல்லை என்று நினைப்பதற்குக் காரணம், அன்றாட விவாதங்களில் நாம் எல்லோரும் செய்வது இதைத்தான்.

பகுதியும் முழுமையும்: ஒவ்வொரு அத்தியாயமும் சின்னது, ஆகவே புத்தகம் சின்னது. இரண்டே வழி என்பது: திட்டம் ஏ சரிவராது, ஆகவே திட்டம் பி-யை ஏற்க வேண்டும். மூன்றாவது வழி இல்லை என்று யார் சொன்னது?

சொல்லின் பொருள் நடுவில் மாறுவது அரிதாகவே வரும். ஆனால் அதைப் பிடிக்கவும் தமிழ் உதவும். 'ஒவ்வொரு லா-வுக்கும் அதை இயற்றிய ஒருவர் இருக்கிறார். இயற்கையிலும் லா-க்கள் உண்டு. ஆகவே அவற்றையும் யாரோ இயற்றியிருக்க வேண்டும்' என்ற வாதத்தை ஆங்கிலத்தில் படித்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும். தமிழில் சொல்ல முயன்றால் முதலாவது சட்டம், இரண்டாவது விதி. ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு தமிழ்ச் சொற்கள் தேவைப்படுகின்றன என்றால், அந்த இடத்தில் நின்று பாருங்கள்.

முடிவையே ஆதாரமாகத் திருப்பிச் சொல்வது, ஆதாரங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவது ஆகிய இரண்டும் விடைகளின் பட்டியலில் அடிக்கடி தலைகாட்டும், சரியான விடையாக இருப்பது குறைவு. முதலாவதைத் தேர்ந்தெடுக்கும் முன், முடிவின் பொருளையே வேறு சொற்களில் சொல்கிற ஓர் ஆதார வரியின் மேல் விரலை வையுங்கள். இரண்டாவதற்கு, ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாத இரண்டு வரிகளைக் காட்டுங்கள். காட்ட முடியாவிட்டால் அடித்துவிடலாம்.

விடையின் மொழியைப் பிரித்துப் படிப்பது

ஓட்டை தெரிந்தும் விடையைத் தவறவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் விடை எழுதப்பட்டிருக்கும் மொழி. வேண்டுமென்றே பொதுச் சொற்களில் எழுதியிருப்பார்கள். 'ஒரு நிகழ்வு', 'ஒரு கூற்று', 'ஒரு குழு' என்று வரும்போது ஒவ்வொன்றின் மேலும் வாதத்திலிருந்து ஒரு பொருளை ஒட்டுங்கள். 'ஒரு நிகழ்வு' என்றால் நேர நீட்டிப்பு, 'மற்றொரு நிகழ்வு' என்றால் உறுப்பினர் கூடியது. ஒட்டுவதற்கு ஒன்றும் கிடைக்காத சொல் ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்த விடை தவறு.

விடைகள் தொடங்கும் விதத்தில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. 'டேக்ஸ் ஃபார் கிராண்டட்', 'ப்ரிசூம்ஸ் வித்தவுட் ஜஸ்டிஃபிகேஷன்' என்று தொடங்கினால், பின்னால் வருவது வாதம் சொல்லாமல் நம்பியிருக்கும் ஒன்று. அதை மறுத்துப் பாருங்கள். மறுத்தால் வாதம் சரிந்துவிடுமா? சரிந்தால் அதுவே விடை. மறுத்த பிறகும் வாதம் நிமிர்ந்து நின்றால், அதை வாதம் நம்பியிருக்கவே இல்லை. 'ஓவர்லுக்ஸ் தி பாசிபிலிட்டி', 'ஃபெயில்ஸ் டு கன்சிடர்' என்று தொடங்கினால் எதிர்த் திசையில் போகவேண்டும். பின்னால் வருவதை உண்மை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது வாதத்துக்கு அடி விழுகிறதா? விழாவிட்டால், மேலே பார்த்த நூலகச் செலவு போன்றதுதான் அது.

முதல் குடும்பத்தில் அளவுச் சொற்களைக் கூர்ந்து பாருங்கள். 'நேர நீட்டிப்பைத் தவிர வேறு எதுவும், எந்த நூலகத்திலும், ஒருபோதும் உறுப்பினர்களைக் கூட்டாது என்று எடுத்துக்கொள்கிறது' என்று ஒரு விடை வந்தால், திசை சரி, அளவு மிகை. இந்த வாதத்துக்கு, இந்த முறை வேறு காரணம் இல்லை என்பது மட்டுமே போதும். இரண்டு விடைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கும் நேரங்களில், அவற்றில் ஒன்று இப்படி அளவு மீறியதாகவோ, முதல் பாதி சரியாகி இரண்டாம் பாதி தவறியதாகவோ இருக்கும். அதனால் விடையைக் கடைசிச் சொல்வரை படியுங்கள்.

இணை ஓட்டைக் கேள்விகள்

'கீழ்க்கண்டவற்றில் எது, மேலே உள்ளதைப் போலவே பிழையானது?' என்று கேட்கும் பேரலல் ஃப்ளா கேள்வியில் ஐந்து விடைகளும் ஐந்து முழு வாதங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் எளிதாக விழுங்கிவிடும். நேரம் இறுக்கமாக இருந்தால் திரையில் கொடி போட்டு (பிறகு பார்க்க அடையாளம் இட்டு) வைத்துவிட்டு, கடைசியில் திரும்பி வாருங்கள்.

செய்யும்போது, மூல வாதத்தின் ஓட்டையை முதலில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பிறகு விடைகளின் முடிவுகளை மட்டும் பாருங்கள். மூலத்தின் முடிவு 'நிச்சயம்' என்றால் 'இருக்கலாம்' என்று முடியும் விடைகள் போகும். மூலம் ஒரு தனி ஆளைப் பற்றி முடித்தால், 'பெரும்பாலானோர்' என்று முடிவது போகும். இதிலேயே இரண்டு, மூன்று விடைகள் கழிந்துவிடும். மிச்சமிருப்பதை மட்டும் முழுதாகப் படியுங்கள். வரிசை மாறியிருக்கலாம், முடிவு முதலில் வந்து ஆதாரம் பின்னால் வரலாம், அது பொருட்டில்லை. தலைப்பு ஒத்துப்போவதும் பொருட்டில்லை. மூலம் நீதிமன்றத்தைப் பற்றி இருந்தால், நீதிமன்றத்தைப் பற்றிய விடையைச் சந்தேகத்தோடு பாருங்கள். ஓட்டையே இல்லாத, சரியான வாதம் ஒன்றும் ஐந்தில் கலந்திருக்கக்கூடும், அதை உடனே அடித்துவிடலாம்.

பயிற்சி

முதல் இரண்டு, மூன்று வாரம் கடிகாரத்தை ஒதுக்கி வையுங்கள். எல்சாட்டை நடத்தும் எல்சாக் அமைப்பின் லாஹப் தளத்தில் பழைய வினாத்தாள்கள் கிடைக்கின்றன. அவற்றையே பயன்படுத்துங்கள். வேறு யாரோ எழுதிய போலி வினாக்களில் விடையின் மொழி இந்த அளவுக்குத் துல்லியமாக இருப்பதில்லை. ஒரு நாளைக்குப் பத்து ஃப்ளா கேள்வி போதும். விடைகளைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு, முடிவை ஒரு வரி, 'ஆனாலும் ஒருவேளை' ஒரு வரி என்று நோட்டில் எழுதிவிட்டுத்தான் மறைப்பை எடுக்க வேண்டும். எழுதுவது மெதுவாக இருக்கிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும். அதைத் தாங்கிக்கொள்ளுங்கள், வேகம் இதிலிருந்துதான் வரும்.

நேரம் வைத்துச் செய்யத் தொடங்கிய பிறகு, சந்தேகத்தோடு அழுத்திய கேள்விகளுக்கெல்லாம் கொடி போடுங்கள். பகுதி முடிந்ததும் சரியான விடைகளைப் பார்க்காமல், கொடி போட்டவற்றை மட்டும் நேரக் கட்டுப்பாடு இல்லாமல் மறுபடி செய்யுங்கள். அதன் பிறகே திருத்துங்கள். இரண்டாம் முறை சரியாக வந்தது என்றால் பிரச்சினை அவசரம். இரண்டாம் முறையும் தவறு என்றால் பிரச்சினை புரிதல். இரண்டுக்கும் மருந்து வேறு.

தவறிய ஒவ்வொன்றுக்கும் நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள்: நான் தேர்ந்தெடுத்த விடை என்னை எப்படி ஈர்த்தது, அதை அடித்திருக்க வேண்டிய சொல் எது, சரியான விடையை நான் ஏன் ஒதுக்கினேன். 'கவனக்குறைவு' என்று எழுதுவதற்குத் தடை போடுங்கள், அந்தச் சொல் எதையும் கற்றுத் தராது. ஐம்பது பதிவு சேர்ந்ததும் திருப்பிப் பார்த்தால், ஒரே மாதிரியான இரண்டு, மூன்று தவறுகள்தான் மாறி மாறி வந்திருக்கும். அடுத்த வாரப் பயிற்சியை அவற்றைச் சுற்றி அமையுங்கள்.

தேர்வு நாளில் முதல் பத்துக் கேள்விகள் பொதுவாக எளிதாக இருக்கும். அவற்றைப் பத்து, பதினொரு நிமிடத்தில் முடிக்கப் பாருங்கள். கடினமானவை பதினைந்தாம் கேள்விக்குப் பிறகுதான் குவிகின்றன. ஒரு வாதத்தை இரண்டு முறை படித்தும் 'ஆனாலும் ஒருவேளை' வரவில்லையென்றால் மூன்றாம் முறை படிக்க வேண்டாம். விடைகளுக்குப் போய், இரண்டு கேள்விச் சோதனையை வைத்து முடிந்தவரை அடியுங்கள். மிச்சத்தில் ஒன்றை அழுத்திக் கொடி போட்டுவிட்டு நகருங்கள். எல்சாட்டில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பது கிடையாது. இந்தியாவின் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வான கிளாட்டில் ஒரு தவறுக்கு 0.25 போகும் என்பதால், அந்தப் பழக்கத்தில் வருபவர்கள் இங்கேயும் கேள்விகளைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். மணி அடிப்பதற்கு ஒரு நிமிடம் இருக்கும்போது, படிக்காத கேள்விகள் உட்பட எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு விடை பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.